நீலப் பானைக்குச் சொன்ன பொய்

"கேட்டியா சேதி? ஊர்த்தலைவர் வீட்டுக் கோவேறு கழுதை நேத்து ரெட்டைக் குட்டி போட்டிருக்கு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு பச்சை."

இஜ்ஜா இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. அவள் சொல்வது என்னிடமில்லை. முற்றத்து மூலையில், எருக்குவியலுக்குள் கழுத்துவரை புதைந்திருக்கும் நீலப் பானையிடம். மூடியை ஒரு விரற்கடை தூக்கி, அந்த இடுக்கில் வாயை வைத்துச் சேதியை உள்ளே அனுப்புவாள். பிறகு மூடியைப் பொருத்தி, பழைய கம்பளித் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, முழங்காலைத் தட்டிக்கொண்டு தறிக்கு வருவாள்.

"நம்பிடுச்சா?" என்பேன்.

"பாக்கலாம் தாமூ. நேத்து சொன்னதை நம்பலை. ரொம்பச் சின்னப் பொய்."

நீலம் அப்படிப்பட்டது. மஞ்சிட்டி வேர் கொடுக்கும் சிவப்புக்குச் சிறு தீயும் படிகாரமும் போதும். மாதுளைத் தோலைக் கொதிக்கவிட்டால் மஞ்சள் தானாக வந்து நிற்கும். வால்நட் பச்சைத் தோல் கம்பளிக்கு முன்னால் நம் கையைத்தான் பழுப்பாக்கும். நீலம் தருகிற அவுரி மட்டும் வேறு குணம். கட்டியைப் பொடித்து, பேரீச்சம்பழமும் தவிடும் சுண்ணாம்பும் சேர்த்து, எருவின் சூட்டில் மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். நல்ல நாளில் மேலே செம்பு நிறத்தில் ஆடை கட்டி, நீல நுரை பூக்கும். கெட்ட நாளில் சாம்பல் தண்ணீராகச் செத்துக் கிடக்கும். அப்படிக் கிடந்தால் பெண்கள் போய்ப் பொய் சொல்லி எழுப்ப வேண்டும். சின்னப் பொய்க்கு அது அசைந்துகூடக் கொடுக்காது. சிருவா மலையின் இந்தப் பக்கத்தில் இதைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. அவுரிக் கட்டி என்ன சும்மாவா கிடைக்கிறது?

அதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. பானைக்குப் பக்கத்தில் சொன்ன எதையும் யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. அது பானைக்குப் போட்ட தீனி, அவ்வளவுதான். அதனாலேயே சத்தியம் வாங்க வேண்டுமென்றாலும், பெண் கேட்டு வந்தாலும், சண்டை தீர்க்க வேண்டுமென்றாலும் முற்றத்தின் வேறு மூலைக்குப் போய்விடுவோம்.

வேடிக்கை என்னவென்றால், பானையை விட்டு எழுந்துவிட்டால் இஜ்ஜாவுக்குப் பொய் வராது. மரியாதைக்குக்கூட வராது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் தாய் வந்து, "எம் பொண்ணு எப்படி இருக்கா இஜ்ஜா?" என்று பூரித்து நின்றாள். இஜ்ஜா நிதானமாகப் பார்த்துவிட்டு, "நகை நல்லா இருக்கு" என்றாள். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி, கறி வேகலை, ரொட்டி நல்லா இருந்துச்சு" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கை கழுவினாள். ரொட்டி நான் சுட்டதில்லை, பக்கத்து வீட்டில் வாங்கியது. அவளுடன் ஒரே தறியில் உட்காரும் எனக்குத்தான் தெரியும், அந்த வாயோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று. ஆனால் அவள் ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் அதை ஒரு வாரம் மடியில் கட்டிக்கொண்டு திரியலாம்.

கம்பளம் வாங்க வருகிறவர்களிடமும் இதே கதைதான். சந்தை முதலாளியின் ஆள் ஒருவன் அவர்களை அழைத்து வருவான். ஒவ்வொரு உருவமாகக் காட்டி, இது சுதந்திரம், இது பிரிவுத்துயர், இது பிரபஞ்சம் என்று கையை விரித்துச் சொல்லிக்கொண்டே போவான். கடைசியில் அவர்கள் இஜ்ஜாவைப் பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்பார்கள். "அது கோழிக்கால்" என்பாள். "கோழிக்கால்னா?" "கோழியோட கால்." அவன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சுவான். அவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தால், "கோழி நடந்துபோன வீட்டுல தானியம் இருக்கும். அதுக்காகப் போடறது" என்று கூட்டுவாள். அது உண்மை என்பதால்தான் கூட்டுவாள்.

தறி அவள் வீட்டுக் கூடத்தில் சுவரோடு நிற்கிறது. வலது பாதி என்னுடையது, இடது பாதி அவளுடையது. பாவு ஏற்றிய நாள் முதல் அதற்கு உயிர் உண்டு என்பது எங்கள் வழக்கம். காலையில் வந்து உட்காரும்போது அதற்கு முகமன் சொல்வோம். நெய்து முடித்து அறுத்து இறக்கும்போது, சாகிறவர் வாயில் தண்ணீர் விடுகிற மாதிரி நூலில் தண்ணீர் தெளிப்போம். இஜ்ஜா தன் பக்கத்து நூலை இழுக்கும்போது "கொஞ்சம் பொறுத்துக்கோ, இந்தா முடிஞ்சிடும்" என்று தறியிடம் முணுமுணுப்பாள். என்னிடம் அவ்வளவு பதவிசாக அவள் ஒருநாளும் பேசியதில்லை.

சாய்சதுரத்தைக் கண் என்போம். ஊரார் கண் படாமலிருக்கக் கம்பளத்தில் ஒரு கண். நடுவில் இரண்டு கண்கள் ஒன்றையொன்று தொட்டபடி வந்தால் அதற்கு ஜோடி என்று பேர். என் கண் வலதிலிருந்து வரும், அவள் கண் இடதிலிருந்து வரும், நடுவில் இரண்டின் முனையும் சேர வேண்டும். அவள் புருஷன் ஹம்மூ காசாபிளாங்காவில் கட்டட வேலைக்குப் போய்ப் பிணமாக வந்த வருஷத்திலிருந்து அவள் தன் முனையை ஒரு முடிச்சு முன்னதாகவே நிறுத்திவிடுவாள். நடுவில் வெள்ளைக் கம்பளியில் ஒரு சின்ன இடைவெளி விழும். வாங்குகிறவர்களுக்கு அது தெரியாது. நான் ஒருமுறை கேட்டேன். "கை அங்கேயே நின்னுடுது" என்றாள். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் கை அங்கேயே நின்றது.

இனி அபெல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வியாழக்கிழமைச் சந்தைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு சின்ன லாரியை உருட்டிக்கொண்டிருக்கும் மனுஷன். அவனும் மனைவியை இழந்தவன். எங்களுக்கு அவுரியும் படிகாரமும் கொண்டு வந்து கொடுப்பான், எங்கள் கம்பளங்களைச் சந்தைக்கு ஏற்றிப் போவான். அந்த மனுஷன் வாயில் உண்மை என்பது தவறியும் வராது. இஜ்ஜா வீட்டுச் சுற்றுச்சுவருக்கு மேல் தலையை நீட்டி ஆரம்பிப்பான்.

"இஜ்ஜா! அகாதிர்ல கடலுக்கு உப்பு தீந்துபோச்சாம். சனங்க மூட்டை மூட்டையா வாங்கிக் கொட்டறாங்க."

"ஏன்யா, உனக்கு வாய் வலிக்காதா?"

"வலிக்குது. ஆனா சிருவா மலையை யாரோ ஒரு முழம் நகத்தி வச்சுட்டாங்களே, அதைச் சொல்லாமப் போனா எப்படி? என் லாரி திரும்பவே மாட்டேங்குது."

அவள் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மறுநாள் காலையில் பானையின் இடுக்கு வழியாகக் கடலுக்கு உப்பு தீர்ந்துபோன சேதி போகும். நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். சொந்தமாக ஒரு பொய் கட்டத் தெரியாதவள் அவள். வருஷக்கணக்காக அவள் பானைக்குப் போட்டதெல்லாம் அபெல்லா சுவருக்கு மேலாகக் கொடுத்துவிட்டுப் போன பொய்கள்தாம்.

போன வசந்தத்தில் அவன் தன் அக்கா ருக்கியாவைப் பெண் கேட்க அனுப்பினான். பெண் கேட்கிற வழக்கப்படி சர்க்கரைக் கூம்பும் கையுமாக வந்தாள் அந்த அம்மாள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. அங்கே சாயம் போட்ட நூலைக் கடையில் வாங்குகிறவர்கள், பானை வழக்கம் எதுவும் தெரியாது. அன்று இன்னும் குளிர் போகவில்லை. எருக்குவியலில் ஆவி பறந்துகொண்டிருந்தது. கதகதப்பாக இருக்கிறதே என்று அந்த அம்மாள் நேரே போய் அதையொட்டி உட்கார்ந்துவிட்டாள். இஜ்ஜா பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அதுவும் மக்கர் செய்துகொண்டிருந்தது.

"எந் தம்பிக்கு உன்னைக் கேக்க வந்திருக்கேன்" என்று ருக்கியா எடுத்த எடுப்பில் போட்டு உடைத்தாள். சுவருக்கு வெளியே அபெல்லாவின் தொப்பி தெரிந்தது. இஜ்ஜாவின் காதெல்லாம் சிவந்துவிட்டது. அகப்பையைப் பிடித்தபடியே, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கும்படி, "உசிரு இருக்கறவரைக்கும் அந்த மனுஷனோட ஒரே தட்டுல கை வைக்க மாட்டேன்!" என்றாள். தொப்பி சுவரை விட்டு இறங்கிப் போனது. லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் பானை செம்பு ஆடை கட்டிப் பொங்கியது. அந்த மாதிரி நுரையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒரு கற்றை கம்பளியை முக்கி எடுத்தோம். பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறியது. அப்படி ஒரு நீலம் அதற்குப் பின்னால் விழவில்லை. இஜ்ஜா அதை நெய்யவுமில்லை, விற்கவுமில்லை. தறிக்கு மேலே சுவரில் அடித்த முளையில் தொங்கவிட்டாள். ஏன் என்று கேட்டால், "ஒரு கம்பளத்துக்குப் பத்தாது" என்பாள். பத்தாது என்பது உண்மைதான்.

அதிலிருந்து அபெல்லா சுவருக்கு மேல் தலை நீட்டுவதில்லை. வாசலில் நின்று, "அவுரி. படிகாரம். வேற ஏதாச்சும் வேணுமா?" அவ்வளவுதான். நகர்ந்த மலை நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கோடை முழுக்க இஜ்ஜா பழைய பொய்களையே திரும்பத் திரும்பச் சொல்லி ஓட்டினாள். கோவேறு கழுதை எத்தனை தடவைதான் குட்டி போடும்? வால்நட் உதிர்க்கும் காலத்தில் பானை அடியோடு படுத்துவிட்டது. தறியிலிருந்த கம்பளத்தில் நடுக்கண்கள் நீலத்துக்காகக் காத்திருந்தன.

அப்போதுதான் யம்னா அந்தச் சேதியைக் கொண்டு வந்தாள். யம்னா எதிர்வீட்டு மருமகள், எங்கள் கம்பளிக்குச் சிக்கெடுத்துக் கொடுப்பவள். "தெரியுமாக்கா, அபெல்லா லாரிக்கு விலை பேசி முடிச்சுட்டாராம். அகாதிருக்கு மகன்கிட்டயே போயிடறாராம். இந்த வியாழக்கிழமை வர்றதுதான் கடைசி." இஜ்ஜா இரும்புச் சீப்பால் ஊடை நூலை அடித்தாள். அந்த அடியில் சுவரிலிருந்து மண் உதிர்ந்தது. தறியிடம் மன்னிப்புகூடக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று பேருமாகப் பானையைச் சுற்றி உட்கார்ந்தோம். யம்னா முதலில் இடுக்கில் குனிந்து, "எம் மாமியா என் சமையலைப் புகழ்ந்தாங்க" என்றாள். நான், "எம் புருஷன் எழுந்து பாத்திரம் கழுவினாரு" என்றேன். இரண்டுமே பெரிய பொய்கள், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பானை அசையவில்லை. இஜ்ஜா கழுதையைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தாள். அதுவும் பலிக்கவில்லை.

"பழைய சரக்கு" என்றேன். "உம் வாயால யாரும் நம்பாத மாதிரி ஒண்ணு சொல்லு. அபெல்லாவைக் கட்டிக்கப்போறேன்னு சொல்லேன். அதைவிடப் பெரிய பொய் இந்த மலையில உண்டா?"

என்னை முறைத்தாள். எனக்கும் கொஞ்சம் விஷமம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அவள் குனிந்து, இடுக்கில் வாயை வைத்து, மெதுவாக, "நான் அபெல்லாவைக் கட்டிக்கப்போறேன்" என்றாள்.

மூடிவிட்டுத் தேநீர் போட்டோம். புதினா கிள்ளி, சர்க்கரை உடைத்து, ஆற்றிக் குடித்து, இரண்டாம் கோப்பையும் முடிந்தது. பிறகு யம்னா போய் மூடியைத் திறந்தாள். அதே சாம்பல் தண்ணீர். ஒரு குமிழி இல்லை.

யம்னா பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இஜ்ஜாவைப் பார்த்தாள். "அப்போ... அது பொய்யில்லையாக்கா?"

"தவிடு பழசு" என்றாள் இஜ்ஜா. எழுந்து விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். தறிப் பலகையில் உட்கார்ந்தாள். நூலைக் கையில் எடுத்தாள், வைத்தாள். பானை இப்போது தூரத்தில் இருந்தது. "தவிடு புதுசுதான்" என்றாள்.

வைத்த நூலை மறுபடி எடுத்து விரலில் சுற்றிக்கொண்டாள்.

"நான் சொன்ன வார்த்தையை மாத்தினதே இல்லை தாமூ. சாப்பாடு நல்லா இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்லியிருக்கேன். அது ஊருக்கே தெரியும். அன்னைக்கு அந்த மனுஷன் காதுபட, ஊரே கேக்க, மாட்டேன்னு கத்திட்டேன். இப்ப எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு..." தலைத்துணியால் கண்ணை ஒத்திக்கொண்டாள். இதற்கு முன் அவள் அழுது நான் பார்த்தது ஹம்மூவைக் கொண்டுவந்து இறக்கிய அன்றுதான். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, மடியில் சாய்த்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இவ்வளவு வருஷம் ஒரே பலகையில் உட்கார்ந்தவள் அல்லவா. அன்றைக்கு நடந்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சட்டென்று உறைத்தது.

"எங்கே உக்காந்து கத்தினே?" என்றேன்.

"முத்தத்துல."

"முத்தத்துல எங்கே?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ருக்கியாவுக்குக் குளிரு. எருவை ஒட்டி உக்காந்தா. நீ அகப்பையைக்கூடக் கீழ வைக்கலை. கிண்டிக்கிட்டே சொன்னே. சரி, மத்தியானம் பானை என்ன பண்ணுச்சு?"

யம்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண் கேட்க வந்தவள் நீலப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள் என்பது எங்கள் யாருக்குமே உறைக்காமல் ஒரு கோடை போயிருக்கிறது! இஜ்ஜாவின் கண்கள் முளையில் தொங்கிய நீலக் கற்றைக்குப் போயின.

"அக்கா, அப்போ இப்பவும் போய் அதையே சொல்லுங்க!" என்று யம்னா குதித்தாள். "அந்த மனுஷனோட ஒரே தட்டுல கை வைக்க மாட்டேன்னு சொன்னீங்கன்னா பானை துள்ளி எந்திரிச்சுடும். கம்பளமும் முடிஞ்சிடும்."

அது சரியான யோசனைதான். இஜ்ஜா எழுந்து முற்றத்துக்குப் போனாள். பானைக்கு முன்னால் குந்தினாள். மூடியை ஒரு விரற்கடை தூக்கினாள், வாயை இடுக்குக்குக் கொண்டுபோனாள். நாங்கள் வாசற்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். வார்த்தை வரவில்லை. கடைசியில் மூடியைப் பொருத்திவிட்டு எழுந்தாள். "செத்தாச் சாகட்டும்" என்றாள். கம்பளித் துண்டைக்கூடச் சுற்றவில்லை.

புதன்கிழமை நான் போனபோது முளை வெறுமையாக இருந்தது. இஜ்ஜா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து, அந்தக் கற்றையைப் பிரித்து, நடுக்கண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கத்துக்கும் நூலைத் தள்ளினாள். இருவரும் நெய்தோம். என் கண்ணின் முனை நடுவுக்கு வந்து நின்றது. அவள் முனை வழக்கமாக நிற்கிற இடத்துக்கு வந்தது. நான் என் வேலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் இன்னும் ஒரு முடிச்சுப் போட்டு, சீப்பால் மெதுவாகத் தட்டி இறக்கினாள். "கண்ணை அங்க இங்க ஓட்டாம நெய்" என்றாள் என்னிடம்.

வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டிலிருந்து களி கிண்டுகிற வாசனை தெருவரை வந்தது. யம்னாவும் நானும் போனபோது பெரிய மண்தட்டில் பார்லிக் களியைக் கொட்டி, அகப்பையின் பின்புறத்தால் நடுவில் குழி செய்துகொண்டிருந்தாள். குழியில் வெண்ணெய். பாயை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தவள், பானையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, எதிர்மூலையில், வாசற்கதவை ஒட்டிப் பாயை விரித்தாள். பிறகு கதவின் இரண்டு பக்கத்தையும் விரியத் திறந்துவைத்தாள். தெருவில் தண்ணீருக்குப் போகிற பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

லாரி வந்தது. அபெல்லா வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், "அவுரி. படிகாரம்" என்று ஆரம்பித்தான்.

"உக்காரு" என்றாள் இஜ்ஜா.

அவன் பாயைப் பார்த்தான். களியைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். பொய்யாகவாவது ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தானே தவிர, களியில் கை வைக்கவில்லை. வெண்ணெய் உருகிக் குழியின் விளிம்புவரை வந்துவிட்டது.

இஜ்ஜா அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டாள். தெருவுக்கும் கேட்கும்படி "பிஸ்மில்லா" என்றாள். நகக்கண்ணில் நீலம் ஏறிய அந்தக் கையை நீட்டி, தன் பக்கத்திலிருந்து அல்ல, அவன் பக்கத்திலிருந்து ஒரு கவளம் களியைக் கிள்ளி, வெண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.